சாலையைப் பார்த்துத் திருப்பிய பாத்தி

எங்கள் வீட்டுக்குத் தோட்ட வேலைக்கு வந்த முதல் நாளே அந்த அம்மா என் மனைவியின் தலையணையில் தலை வைத்துவிட்டார். தரையில் முட்டி போட்டு, சேறு காயாத கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி, என் மனைவியின் கன்னத்தோடு கன்னம் உரச ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். மண்ணும் வெள்ளைப்பூண்டும் கலந்த வாடை அறை முழுக்கப் பரவியது. வாசலில் நின்றிருந்த நான் முகம் சுளித்தேன். அதை அவர் பார்த்துவிட்டார்.

"என்ன தொரை, மூஞ்சியச் சுளிக்கிறீங்க? பூவப் பாக்கப் போறது நீங்களா, இந்தப் பிள்ளையா? இது கண்ணு இருக்கிற எடத்துல என் கண்ண வைக்காம நான் எப்படிப் பாத்தி போடுறது?"

மறுபடியும் தலையணையில் சாய்ந்து பார்த்தார். கோபம் இன்னும் ஏறியது.

"இங்க கெடந்து பாத்தா ஜன்னல் கட்டைதான் தெரியுது. வெளிய பூவ வச்சு என்ன புண்ணியம்? மொதல்ல கட்டிலத் தூக்குங்க. காலுக்கு நாலு செங்கல்லு."

பூப்பாத்தி போட வந்தவர் முதல் வேலையாகக் கட்டிலைத்தான் உயர்த்தினார். அவருடைய தம்பி செங்கல் கொண்டுவந்தார். நானும் தம்பியும் கட்டிலைத் தூக்க, அந்த அம்மா என் மனைவியின் தலையைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் திட்டிக்கொண்டே இருந்தார்.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. என் மனைவிக்கு அப்போது இருபத்து நான்கு வயது. முதுகெலும்பில் காசநோய். கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டுப் போட்டு, ஒரு வருடமோ அதற்கு மேலோ அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மலைக்காற்று நல்லது என்றார்கள். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த நான் மாற்றல் கேட்டுக் கொடைக்கானலுக்கு வந்தேன். சாலையோரம் சின்ன வீடு. படுக்கையறைக்கு ஒரே ஜன்னல். ஜன்னலுக்கும் சாலைக்கும் நடுவே இருபதடி மண். அந்த மண்ணில் ஏதாவது பூ இருந்தால் அவள் பார்த்துக்கொண்டு கிடப்பாள் என்று நினைத்துத்தான் அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். அந்த நினைப்பு என்னுடையதுதான். பின்னால் நான் செய்ததை எழுதும்போது இதையும் எழுதிவைக்க வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

அந்த அம்மாவுக்குச் சொந்த ஊர், மலைக்குள்ளே வெள்ளைப்பூண்டு விளையும் பூண்டி. வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். கணவர் பங்களாக்களில் தோட்ட வேலை பார்த்தவர். அவர் இறந்த பிறகு அந்தத் தோட்டங்களை அந்த அம்மாவே எடுத்துக்கொண்டார். கொடுங்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். மறுநாள் காலை மண்வெட்டியோடு போய், செடி வாடிக் கிடப்பதற்காகச் சொந்தக்காரர்களைத் திட்ட ஆரம்பித்தாராம். அவர்களும் விட்டுவிட்டார்கள். தம்பி கூட வந்து மண் கொத்துவார். அவருக்குப் பேச்சு அதிகம் கிடையாது. "ஏலே" என்றால் நிமிர்வார். "ம்" என்றால் குனிவார்.

அவருடைய கோபம் எல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, "யாரு பாக்க?" என்பதுதான். எங்கே இருந்து, எந்த நேரத்தில், உட்கார்ந்தா, நின்றா. இதற்குப் பதில் சொல்லத் தெரியாதவர்களுக்கு அவர் பாத்தி போட மாட்டார். ஏரிப் பக்கம் ஒரு பங்களாவில் வெள்ளைக்கார அம்மா ஒருவர் வாசலில் வட்டமாகப் பாத்தி வெட்டி, சுற்றிலும் சுண்ணாம்பு அடித்த கல் பதித்து வைத்திருந்தார். நம் தோட்டக்கார அம்மா அதைப் பார்த்ததும் காலால் ஒரு கல்லை எத்திவிட்டார்.

"பாத்திக்கு எதுக்குப் பல்லு? யாரக் கடிக்க வச்சிருக்கு? மேடம் காலையில காப்பி குடிக்கிறது பின்னாடி வராந்தாவுல. பூவ இங்க கொண்டாந்து வச்சுட்டு, அங்க ஒக்காந்து கொடியில கெடக்கிற துணியப் பாத்துக்கிட்டிருக்கீங்க."

மேடத்துக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் விஷயம் புரிந்திருக்கிறது. பாத்தி பின்பக்கம் போனது.

எங்கள் வீட்டில் அவர் முதலில் நட்டது குச்சிகள். எந்தச் செடி எவ்வளவு உயரம் வளருமோ அந்த உயரத்துக்குச் சவுக்கு மாதிரி ஏதோ மரத்தின் குச்சிகளை வெட்டி, நுனியில் அந்தப் பூவின் நிறத்தில் கந்தல் துணி கட்டி, வெறும் மண்ணில் குத்திவைத்தார். ஜன்னலுக்குப் பக்கத்தில் சாண் உயரக் குச்சிகள். அதற்குப் பின்னால் முழங்கால் உயரம். கடைசியில், சாலையோரச் சுவரை ஒட்டி, ஆள் உயரம். ஜன்னலிலிருந்து பார்த்தால் படிப்படியாக ஏறிப் போகும். மூன்று நாள் எங்கள் வீட்டு முன்னால் கந்தல் துணித் தோட்டம்தான். சாலையில் போன என் அலுவலக நண்பர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்ன சார், கொடி கட்ட இடமில்லையா?" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது.

உள்ளே என் மனைவி வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். "அக்கா, அந்தச் செவப்பு மறைக்குது. கொஞ்சம் எடப்பக்கம்." "இன்னும் கொஞ்சம்." "ஐயோ, ரொம்பப் போயிருச்சு." அந்த அம்மா வெளியே குச்சியைப் பிடுங்கிப் பிடுங்கிக் குத்திக்கொண்டு, "நீ என்ன கலெக்டரா, இம்புட்டு அதிகாரம் பண்ற?" என்று கத்தினார். நான்கு மாதமாக அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும் என்றாலும் தயங்கித் தயங்கித்தான் கேட்பாள். அதட்டி வேலை வாங்கியது அன்றுதான்.

குச்சி இருந்த இடமெல்லாம் செடி வந்தது. பூக்களுக்கு அந்த அம்மா வைத்ததுதான் பெயர். ஜன்னலோரம் பான்சி. அதன் பெயர் மூஞ்சிப்பூ. "ஒவ்வொண்ணும் உன்னப் பாத்து மொறைக்கும் பாரு" என்று சொல்லி வைத்தார். நடுவில் கார்னேஷன். பின்னால் டேலியா. சுவரோரம் ஹாலிஹாக். அது கம்புப்பூ. உறைபனி இறங்கும் மாதத்தில் ஒரு சாயங்காலம் பெரணித் தழை ஒரு சுமை தூக்கிக்கொண்டு வந்தார். நாற்றுகளை மூடிவைக்கும்படி காலையிலேயே சொல்லியிருந்தார். நான் வராந்தாவில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன்.

"தொரை, இன்னைக்குப் பனி விழும்னு பேப்பர்ல போட்டாத்தான் எந்திரிப்பீங்களோ?"

நான் எழுந்து போய்த் தழை போட்டேன். எனக்குக் கீழே எட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். என்னை அப்படி யாரும் பேசியதில்லை. சிரித்து மழுப்பினேன். ஆனால் உள்ளே ஒரு ஓரத்தில் அதைச் சேர்த்து வைத்துக்கொண்டேன். அது எனக்கு அப்போதே தெரியும்.

ஏப்ரலில் பூக்க ஆரம்பித்தது. அந்த நேரத்தில்தான் போட்டி வந்தது. மலையில் பங்களா வைத்திருந்தவர்கள் சேர்ந்து நடத்திய தோட்டச் சங்கம் ஒன்று இருந்தது. சீசனில் வீட்டுத் தோட்டங்களுக்குப் பரிசு கொடுப்பார்கள். நடுவர்கள் காரில் வருவார்கள், கேட்டில் நின்று பார்ப்பார்கள், குறித்துக்கொண்டு போவார்கள். வீட்டுக்குள் வர மாட்டார்கள். என் மேலதிகாரி அதில் உறுப்பினர். "நம்ம ஆபீஸ்லருந்து நீங்க பேர் குடுங்க" என்றார். நான் கொடுத்தேன்.

கேட்டில் போய் நின்று பார்த்தேன். சுவரோரம் ஹாலிஹாக் ஆள் உயரத்துக்கு மறைத்து நின்றது. அதன் முதுகுதான் தெரிந்தது. கட்டுக்கம்பும் கயிறும் தெரிந்தன. உள்ளே இருந்த எதுவும் தெரியவில்லை. சாலையில் போகிறவனுக்கு அது பாத்தியே இல்லை.

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். உயரத்தை ஜன்னல் பக்கம் கொண்டுவர வேண்டும். குட்டையைச் சாலைப் பக்கம் தள்ள வேண்டும். அந்த அம்மாவிடம் கேட்டால் என்ன சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. பூண்டியில் வெள்ளைப்பூண்டு நடவு நேரம். "ஒரு வாரம் ஊருக்குப் போய் நடவைப் பார்த்துவிட்டு வாருங்கள், இங்கே நான் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன்" என்றேன். அந்த அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "தொரைக்கு இன்னைக்கு என்னமோ நல்ல புத்தி" என்றார். நான் அவரிடம் வாங்கிய ஒரே பாராட்டு அதுதான்.

அவர் போன மறுநாள் தம்பியைக் கூப்பிட்டேன். தம்பி தலையைச் சொறிந்தார். "அக்கா வந்தா..." என்றார். "நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றேன். ஒரே பகலில் பாத்தி திரும்பியது. பிடுங்கி நட்டதில் பாதி வாடிவிட்டது. அந்த இடங்களில் விலைக்கு வாங்கிய பூந்தொட்டிகளைப் புதைத்து, மேலே மண்ணைத் தள்ளி மூடினோம். ஜன்னலுக்கு நேராக ஹாலிஹாக் வரிசை. அதற்கு முட்டுக்கொடுத்த கம்புகள். என் மனைவி எல்லாவற்றையும் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கம்பைக் குத்தும்போது நான் உள்ளே போய், "பத்து நாள்தான்" என்றேன்.

"சரி" என்றாள்.

அறை பகலிலேயே இருட்டாகிவிட்டது.

நடுவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே அந்த அம்மா திரும்பி வந்துவிட்டார். கேட்டைத் திறந்தவர் பாத்தியை நின்று பார்க்கவில்லை. நேராகப் படுக்கையறைக்குப் போனார். முட்டி போட்டார். தலையணையில் தலையை வைத்தார். அப்புறம் அவர் திட்டியது என்னையல்ல, என் மனைவியை.

"ஏன்டி, அவங்க புடுங்கும்போது நீ வாய வச்சுக்கிட்டு என்ன செஞ்ச?"

"அவருக்கு ஆசையா இருந்துச்சுக்கா."

"அவருக்கு ஆசைன்னா அவரு ரோட்டுல போயி நிக்கட்டும். அவருக்குக் காலு இருக்கு. உனக்கு எத்தன ஜன்னல் இருக்கு? ஒண்ணுதான?"

அந்த அம்மா வெளியே வந்தார்.

"தொரை, நாளைக்கு வெள்ளனே வர்றேன். திருப்பி நட்டுறணும்."

"பூத்த செடியை மறுபடி பிடுங்கினால் செத்துப்போகும்" என்றேன்.

"அப்ப உங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கு" என்றார்.

போட்டி முடியட்டும் என்றேன். தம்பியைப் பார்த்து, "ஏலே, உனக்குமா கண்ணு அவிஞ்சு போச்சு?" என்றார். "தொரை சொன்னாருக்கா" என்றார் தம்பி. அதற்கு மேல் அவரிடம் அந்த அம்மா பேசவில்லை.

நடுவர்கள் வந்தார்கள். மூவரில் இருவர் காரை விட்டு இறங்கவே இல்லை. இறங்கியவர் கேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்கு இரண்டாம் பரிசு. அட்டையில் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். அதைக் கேட்டில் ஆணி அடித்து மாட்டினேன். மேலதிகாரி ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு தேநீருக்கு வருவதாகச் சொன்னார்.

மறுநாள் காலை அந்த அம்மா வந்தார். இடுப்பில் அரிவாள் செருகியிருந்தார்.

"முடிஞ்சுதா போட்டி?"

"முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள். அது வரை..."

நான் சொல்லி முடிக்கும் முன்பே அவர் ஜன்னலடிக்குப் போய்விட்டார். குனிந்து, ஹாலிஹாக்கை அடியோடு பிடித்து அறுத்தார். கம்போடு சேர்த்து அறுத்தார். அடுத்தது டேலியா. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு வசவு. ஒன்றும் கெட்ட வார்த்தை இல்லை. "ரோட்டப் பாக்குறியா, பாரு." "பரிசு வேணுமா, வாங்கிக்க." பூவைத்தான் திட்டினார். நான் "நிறுத்து, நிறுத்து" என்று கத்திக்கொண்டு நின்றேன். அரிவாள் இருந்ததால் கிட்டே போகவில்லை.

அப்போது உள்ளே இருந்து ஒரு சத்தம் கேட்டது. வலி வந்து கத்துகிறாள் என்று ஓடினேன். என் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். மாவுக்கட்டுக்குள் உடம்பு குலுங்க இடமில்லாமல், கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்கச் சிரித்தாள். "அக்கா, ரோட்டுல மட்டக்குதிரை போவுது. குட்டியும் கூடப் போவுது" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். வெளியே இருந்து, "நல்லாப் பாத்துக்க" என்று பதில் வந்தது.

பூ போனதற்காக நான் அவ்வளவு கோபப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்காகவும் இல்லை. அந்தச் சிரிப்புக்காகத்தான் கோபப்பட்டேன். நான் மருந்து வாங்கினேன், மாற்றல் வாங்கினேன், இரவு பகலாகப் பக்கத்தில் இருந்தேன். என்னால் அவளை ஒரு முறை அப்படிச் சிரிக்க வைக்க முடியவில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு முப்பது வருடம் ஆனது.

அன்று மத்தியானமே அலுவலகத்துத் தட்டச்சு இயந்திரத்தில் நானே உட்கார்ந்து சங்கத்துச் செயலாளருக்கு ஒரு கடிதம் அடித்தேன். ஆங்கிலத்தில். என் ஆங்கிலம் நன்றாக இருக்கும் என்று பெயர். அந்தப் பெண் கூர்மையான ஆயுதத்தோடு நோயாளியின் ஜன்னலருகே வந்து வெறிபிடித்தவள் போல நடந்துகொண்டாள் என்று எழுதினேன். படுத்த படுக்கையாக இருக்கும் என் மனைவி பயத்தில் நடுங்கிப் போனாள் என்று எழுதினேன். மனநிலை சரியில்லாத ஒருத்தியைப் பெண்களும் குழந்தைகளும் இருக்கிற வீடுகளில் அனுமதிப்பது குறித்து உறுப்பினர்கள் யோசிக்க வேண்டும் என்று எழுதினேன். கடைசியில் நியாயவான் போலத் தோன்றுவதற்காக ஒரு வரி சேர்த்தேன்: அவளுடைய தம்பி அமைதியானவன், நம்பிக்கையானவன், அவனை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மாதத்தில் ஒவ்வொரு கேட்டாக அவருக்கு மூடியது. யாரும் காரணம் சொல்லவில்லை. இனி வர வேண்டாம் என்று மட்டும் சமையல்காரரையோ காவல்காரரையோ விட்டுச் சொல்லச் சொன்னார்கள். தோட்டங்கள் தம்பியிடம் போயின. அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் நான் கேட்டிலேயே நிறுத்தி, டாக்டர் யாரையும் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன். அக்கா ஏன் வருவதில்லை என்று மனைவி கேட்டாள். பூண்டிக்குப் போய்விட்டார் என்றேன். அடுத்த வருடம் அவள் எழுந்து நடந்தாள். பூண்டிக்குப் போய் அக்காவைப் பார்க்க வேண்டும் என்றாள். போகலாம் என்று சொல்லிச் சொல்லி, திண்டுக்கல்லுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன்.

எட்டு வருடம் கழித்து ஒரு நாள் பழனியிலிருந்து திரும்பும்போது பஸ் ஒட்டன்சத்திரத்தில் பழுதாகி நின்றது. மார்க்கெட் பக்கம் நடந்தேன். ஒரு கமிஷன் மண்டி வாசலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பூண்டுத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். "தொரை" என்று ஒரு குரல் கேட்டது. யாரென்று தெரிய நான் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை.

"அந்தப் பிள்ள எந்திரிச்சிருச்சா?"

"நன்றாக நடக்கிறாள். இரண்டு குழந்தைகள்."

அந்த அம்மா கையிலிருந்த பூண்டைக் கூடையில் வீசினார். "எட்டு வருசம். ஒரு காயிதம் போட மாட்டீங்களா? உங்களுக்கு எழுதத் தெரியாதா? அது செத்துருச்சோ பொழச்சிருச்சோன்னு நான் யாரப் போயிக் கேப்பேன்?"

அவர் கோபம் தணியவில்லை, இடம் மாறியது.

"என்னய ஏன் தொரை எல்லாரும் வெரட்டுனாங்க? ஒருத்தர் சொல்லல. சொல்லாட்டி எனக்குத் தெரியாதா? என் தம்பிதான் போட்டுக் குடுத்திருக்கான். எல்லாத் தோட்டமும் அவனுக்குத்தான போச்சு? கூடப் பெறந்தவன். என் மக கல்யாணத்துக்கு வந்து வாசல்ல நின்னு அழுதான். நான் கதவத் தெறக்கல. அவன் சத்தியம் பண்ணுறான், நான் இல்லக்கா, நான் இல்லக்கான்னு. நான் செத்தாலும் அவன் வரக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

பக்கத்தில் இருந்த பெண், "விடுக்கா, இதையே எத்தன தடவ சொல்லுவ" என்றார்.

"நீ சும்மா இரு. இவங்க அங்கதான இருந்தாங்க." என் பக்கம் திரும்பினார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். குரல் இறங்கிவிட்டது. அவரிடம் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. "தொரை, நீங்க படிச்சவங்க. பெரிய எடத்துல பழகுனவங்க. உங்க காதுல ஏதாச்சும் விழுந்துச்சா? அவன் இல்ல, வேற யாரோன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. சோலியப் போட்டுட்டு இன்னைக்கே மலையேறிப் போயிருவேன். அவனுக்கும் வயசாகுது."

சுற்றிலும் லாரிகள் பின்வாங்கிக்கொண்டிருந்தன. யாரோ மூட்டையை இறக்கு இறக்கு என்று கத்தினார்கள். எனக்குப் போதுமான நேரம் இருந்தது.

"எனக்கு ஒன்றும் தெரியாதும்மா" என்றேன்.

தலையை ஆட்டினார். மறுபடியும் உட்கார்ந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மண்டிக்காரர் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரம் பார்த்து, தாளோடு கட்டிய பூண்டுக்கட்டு ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார். "அந்தப் பிள்ளைக்குக் குடுங்க. பூண்டிப் பூண்டு. தாளப் பிடிச்சுத் தூக்குங்க தொரை, இப்படியா நசுக்குவாங்க."

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பூண்டுக்கட்டை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். முகம் மாறியது. "மலைப்பூண்டு மாதிரி இருக்கே. ஏதுங்க?"

"ஒட்டன்சத்திரத்தில் பஸ் நின்றது. வாங்கினேன்."

"என்ன விலை?" என்றாள்.

ஒரு விலை சொன்னேன்.